கேளுங்க அக்கா: செத்துப்போன இதயத் தசை மறுபடி முளைக்குமா?

போன இதழ்ல ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் இதயத்துல தழும்பு விழுறத பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி ஸ்டெம் செல்ல, அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்ல பத்திதான், அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, செல் உயிரியல் படிச்சுட்டு 11 வருஷம் லேப்ல செல் வளர்த்தவ. மருந்து மாத்திரை விஷயத்துல உங்க கார்டியாலஜிஸ்ட் சொல்றதுதான் முடிவு.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 58 வயசு. போன தீபாவளிக்கு மறுநாள் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. இப்ப எக்கோல பம்பிங் 30 தான் இருக்குன்றாங்க, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. ஒரு சென்டர்ல ஸ்டெம் செல் ஊசி மூணு தடவை போட்டா தசை புதுசா வளர்ந்துடும், நாலரை லட்சம் ஆகும்னு சொல்றாங்க. வீட்டுக்கு பின்னாடி இருக்கற மனைய வித்துடலாமான்னு அம்மா கேக்கறாங்க. என்ன பண்றது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மனைய விக்காதீங்கம்மா. அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம நாட்டுல ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல ஸ்டெம் செல்லுக்குன்னு தேசிய வழிகாட்டுதல் போட்டிருக்கு. அதுபடி ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கு பண்ற எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வகைதான் நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை, மத்தது எல்லாமே, இதயத்துக்கு போடறதும் சேர்த்துதான், ஆராய்ச்சி. ஆராய்ச்சின்னா அது பதிவு பண்ணின கிளினிக்கல் ட்ரயல்ல, அதாவது நோயாளிங்கள வெச்சு முறையா நடத்தற சோதனையில மட்டும்தான் நடக்கணும், அதுல சேர்ற நோயாளிகிட்ட சிகிச்சைக்குன்னு காசு வாங்கக்கூடாது. அதனால நாலரை லட்சம்னு அவங்க வாயில வந்த அந்த நிமிஷமே உங்களுக்கு பதில் கிடைச்சுடுச்சு. இன்னும் சந்தேகம் இருந்தா சிடிஆர்ஐ பதிவு எண் என்னன்னு கேளுங்க, இந்தியாவுல நடக்கற ட்ரயல் எல்லாம் அந்த அரசாங்க பதிவேட்டுல இருக்கணும், நெட்ல காசில்லாம யார் வேணும்னாலும் தேடிப் பாக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் எங்க வீட்டுலயே இருக்கு. எங்க பெரியப்பாவுக்கு அட்டாக் வந்து ரெண்டு மாசத்துல ஒரு இடத்துல கூட்டிட்டுப் போய் இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து ஊசி போட்டாங்க, நான் அப்ப வெளியூர்ல இருந்தேன், யாரும் என்கிட்ட கேக்கல. ஆறு வாரம் கழிச்சு எக்கோ எடுத்தா பம்பிங் 32ல இருந்து 38 ஆயிருந்துச்சு, வீடே கொண்டாடுச்சு. தசை வளர்ந்துடுச்சுன்னு நம்பி பெரியப்பா தினமும் போட்டுட்டிருந்த மாத்திரைய ஒவ்வொண்ணா விட்டுட்டாரு, நாலாவது மாசம் ராத்திரி படுக்க முடியாம மூச்சுத் திணறி கால் ரெண்டும் வீங்கி ஐசியூவுக்கு போனோம். நல்லவேளை பொழச்சுட்டாரு. இப்பவும் அவர் மாத்திரை டப்பாவ நான்தான் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி எண்ணச் சொல்றேன்.

அந்த 38 எப்படி வந்துச்சு? அட்டாக் வந்தப்போ எல்லா தசையும் சாகறதில்ல, கொஞ்சம் தசை உயிரோட இருந்தும் மயங்கின மாதிரி வேலை செய்யாம கெடக்கும். அடைப்ப எடுத்து ரத்தம் போனதும் சில வாரத்துல அதுவா எந்திரிக்கும், மாத்திரையும் அதுக்கு கை குடுக்கும். அதுபோக எக்கோ எடுக்கறவர் மாறினாலே நாலஞ்சு பாயின்ட் கூடக்குறைய வரும். ஊசி போடாமலே வந்திருக்கக்கூடிய முன்னேற்றத்துக்கு ஊசி பேர் வாங்கிடுச்சு, அவ்வளவுதான் நடந்தது.

இன்னொரு விஷயம், பம்பிங் 30ன்னா நூத்துக்கு முப்பது மார்க்னு நினைச்சு பயந்துடாதீங்க, நல்லா இருக்கற இதயமே ஒரு துடிப்புக்கு உள்ள இருக்கற ரத்தத்துல 55ல இருந்து 70 சதவீதம்தான் வெளிய தள்ளும். அதுக்காக 30 நல்ல நம்பர்னு சொல்ல வரல, அது கம்மிதான். அப்பாவுக்கு இதயம் பலவீனமானவங்களுக்கு குடுக்கற நாலு வகை மருந்தும் போயிட்டிருக்கான்னும், 35க்கு கீழயே நின்னுட்டா, துடிப்பு ஆபத்தா தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்ற ஐசிடி கருவி வெக்கணுமான்னும் டாக்டர்கிட்ட வாய்விட்டு கேளுங்க. மனைய வித்து ஊசி போடறதவிட இந்த ரெண்டு கேள்வி அப்பாவுக்கு நிஜமாவே உதவும்.

கேள்வி: கை வெட்டினா தோல் வளருது, எலும்பு உடைஞ்சா கூடுது, கல்லீரல்ல பாதிய வெட்டினாலும் வளர்ந்துடுதாம். இதயம் மட்டும் ஏன் அப்படி இல்ல?
- பி.எஸ்சி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, இது எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

மனுஷ இதயத்துல சுருங்கி விரியற தசை செல் சுமார் 300 கோடி இருக்கு. ஒரு பெரிய அட்டாக்ல அதுல 100 கோடி வரைக்கும் சில மணி நேரத்துல செத்துப்போகலாம். அந்த இடத்த வெள்ளை அணுக்கள் வந்து சுத்தம் பண்ணும், அப்புறம் ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல் கொலாஜன் இழைய வெச்சு ஒட்டுப் போட்டுடும், அதான் தழும்பு. தழும்ப எல்லாரும் எதிரியா பாக்கறாங்க, ஆனா அது அவசரத்துல உயிரக் காப்பாத்துது தம்பி, அந்த ஒட்டு சரியா விழலன்னா இதயச் சுவரே கிழிஞ்சு போற அபாயம் இருக்கு. பிரச்சனை என்னன்னா தழும்பு சுருங்காது. மீதி இருக்கற தசை அதோட வேலையையும் சேர்த்து ஒரு நாளைக்கு லட்சம் தடவை இழுக்குது, இழுத்து இழுத்து இதயம் பெருசாகி தளர்ந்து போகுது.

இப்ப உன் கேள்வி. இதயத் தசை செல் வாழ்நாள்ல புதுசாவே உருவாகறதில்லன்னுதான் ரொம்ப காலமா பாடப் புத்தகத்துல இருந்துச்சு. அத சோதிச்ச விதம் இருக்கே, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல. 1950கள்லயும் 60களோட ஆரம்பத்துலயும் வல்லரசு நாடுங்க வெட்டவெளியில அணுகுண்டு வெடிச்சு சோதனை பண்ணுச்சுங்க, அதனால காத்துல கார்பன் 14ன்னு கதிரியக்கம் உள்ள ஒரு வகை கார்பனோட அளவு எக்கச்சக்கமா ஏறிடுச்சு, 1963ல ஒப்பந்தம் போட்டு நிறுத்தினதும் வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே வந்துச்சு. அந்த கார்பன் செடிக்கு போய், செடியில இருந்து சாப்பாட்டுக்கு வந்து, நம்ம செல்லோட டிஎன்ஏக்குள்ளயும் போகும். ஒரு செல் பொறக்கறப்போ காத்துல என்ன அளவு இருந்துச்சோ அந்த அளவு அதோட டிஎன்ஏல முத்திரை குத்தின மாதிரி நின்னுடும். ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா நிறுவனத்துல யோனாஸ் ஃபிரிசேன் குழு இந்த முத்திரைய படிச்சு 2009ல சொன்னாங்க, 25 வயசுல வருஷத்துக்கு சுமார் 1 சதவீத இதயத் தசை செல் புதுசா வருது, 75 வயசுல அது 0.45 சதவீதமா குறையுது, முழு வாழ்நாள்லயும் பாதிகூட மாறறதில்ல. அதாவது புதுப்பிக்கற வேலை நின்னு போகல, நடக்குது, ஆனா 100 கோடி செல் போன எடத்துக்கு அந்த வேகம் எந்த மூலைக்கு.

ஏன் இவ்வளவு மெதுவான்னா, முதிர்ந்த தசை செல்லுக்குள்ள சுருங்கற இழைங்க அடுக்கடுக்கா இறுக்கமா கட்டியிருக்கும், ரெண்டா பிரியணும்னா அத்தனையும் அவுக்கணும், துடிக்கறதயும் நிறுத்த முடியாது. இன்னொரு காரணம் ஆக்சிஜன். வயித்துக்குள்ள இருக்கறப்போ குழந்தைக்கு ஆக்சிஜன் கம்மி, பொறந்து மூச்சு விட்டதும் திடீர்னு கூடுது, அதுல உண்டாகற சேதம் டிஎன்ஏவ தாக்கி செல் பிரியறதுக்கு பூட்டு போட்டுடுது. டல்லாஸ்ல ஹெஷாம் சதேக், எரிக் ஓல்சன் குழு 2011ல காட்டினாங்க, பொறந்து ஒரு நாள் ஆன சுண்டெலிக் குட்டியோட இதயத்துல ஒரு துண்ட வெட்டினா முழுசா வளருது, அதையே ஏழாவது நாள் வெட்டினா தழும்புதான் விழுது. ஒரே ஒரு வாரம் தம்பி. அந்த வாரத்துல மூடின பூட்ட திறக்க முடியுமான்னுதான் உலகத்துல பாதி லேப் மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் 2017ல அதே சதேக் குழு, வளர்ந்த எலிய 7 சதவீத ஆக்சிஜன்ல கொஞ்சம் கொஞ்சமா பழக்கி வெச்சப்போ தசை செல் மறுபடி பிரிய ஆரம்பிச்சுதுன்னு எழுதினாங்க. நம்ம மூச்சு விடற காத்துல 21 சதவீதம்ன்றத ஞாபகம் வெச்சுக்கோ, இத மனுஷங்க வீட்டுல செய்யவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஏதோ ஒரு மீனுக்கு இதயத்தை வெட்டினாலும் வளரும்னு ஆறாம் வகுப்பு பையன் கேட்டான், எனக்கு பதில் தெரியல.
- ஆசிரியை, காரைக்குடி

பதில்: அவன் சொன்னது சரிதான் டீச்சர். வரிக்குதிரை மீன், ஜீப்ரா ஃபிஷ்னு மீன் தொட்டி கடையில கூட கிடைக்கும், விரல் நீளம், உடம்பு பூரா நீலக்கோடு. 2002ல கென்னத் போஸ், மார்க் கீட்டிங் ரெண்டு பேரும் அதோட இதயக் கீழறையில 20 சதவீதத்த வெட்டிட்டு பாத்தாங்க, ரெண்டு மாசத்துல தழும்பு பெருசா இல்லாம வளர்ந்துடுச்சு. அந்த மீன்ல புதுசா ஒரு ஸ்டெம் செல் வந்து வேலை செய்யறதில்ல, பக்கத்துல இருக்கற தசை செல்லே இழைய அவுத்துட்டு ரெண்டா பிரியுது. மேல நெல்லை தம்பிக்கு சொன்ன பூட்டு, அந்த மீனுக்கு கிடையாது. பையனுக்கு என் பாராட்ட சொல்லுங்க.

கேள்வி: லேப்ல தட்டுல வெச்ச செல் தானா துடிக்கும்னு யூடியூப்ல பாத்தேன், அது நெஜமா கிராபிக்ஸா அக்கா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: நெஜம்டா கண்ணு. நானே பாத்திருக்கேன்.

ஷின்யா யமனாகான்னு ஜப்பான்காரர், க்யோட்டோவுல 2006ல எலி செல்லுலயும் 2007ல மனுஷ செல்லுலயும் நாலே நாலு ஜீன சேர்த்து சாதாரண தோல் செல்ல கருவுல இருக்கற நிலைக்கு திருப்பினாரு. அதுக்கு பேருதான் ஐபிஎஸ் செல், 2012ல நோபல் குடுத்தாங்க. அந்த செல்லுக்கு சரியான நாள்ல சரியான ரசாயனம் குடுத்தா அது இதயத் தசையாகும். நான் முதல் தடவை வளர்த்தப்போ எட்டாவது நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியல, ரோஸ் கலர் திரவத்துக்கு அடியில வெறும் மங்கலான படலம். தினமும் காலையில வந்ததும் பையக்கூட எறக்கி வெக்காம மைக்ராஸ்கோப்ல பாப்பேன். ஒன்பதாவது நாள் தட்டோட ஓரத்துல கடுகளவு இடத்துல என்னமோ வெடுக் வெடுக்னு இழுத்துச்சு. முதல்ல மேசை ஆடுதுன்னு நினைச்சேன், மூச்ச அடக்கிட்டு மறுபடி பாத்தா ஒண்ணே கால் செகண்டுக்கு ஒரு தடவை அதுவா சுருங்குது. பக்கத்துல இன்னொரு கூட்டம் அதோட தாளத்துல தனியா. ரெண்டு நாள் போனதும் ரெண்டும் வளர்ந்து ஒண்ண ஒண்ணு தொட்டுச்சு, தொட்ட அப்புறம் ரெண்டும் ஒரே தாளம். இன்குபேட்டர்ல இருந்து வெளிய எடுத்து ரொம்ப நேரம் வெச்சா சூடு குறைஞ்சு துடிப்பு மெதுவாயிடும், திரும்ப உள்ள வெச்சா பழையபடி துடிக்கும். நான் அன்னைக்கு அழுதுட்டேன், அத சொல்றதுல எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல.

ஆனா இதுலயே ஒரு ஆபத்தும் இருக்குடா. தானா துடிக்கற செல் தட்டுல இருந்தா அழகு, நோயாளியோட இதயத்துல வெச்சா அது பாட்டுக்கு தனித் தாளம் போடும், இதயம் ஒரு பக்கம் அது ஒரு பக்கம்னு ஆகும். சியாட்டில்ல சார்லஸ் மரி குழு 2014ல குரங்குங்களுக்கு 100 கோடி செல் வரைக்கும் ஊசியில செலுத்தினாங்க, தசை நெஜமாவே வளர்ந்துச்சு, கூடவே துடிப்பு தாறுமாறாவும் ஆச்சு. அப்புறம் அதே குழு துடிப்ப தூண்டற மூணு ஜீன அணைச்சு, அடக்கற ஒரு ஜீன கூட்டி, தானா துடிக்காத ஆனா இதயம் சொன்னா துடிக்கற செல்ல உருவாக்கி 2023ல பன்றியில போட்டுக் காட்டினாங்க. எனக்கு தெரிஞ்சு இந்தத் துறையில நடந்த புத்திசாலித்தனமான வேலைகள்ல அது ஒண்ணு.

கேள்வி: இதய ஸ்டெம் செல்லுன்னு சொன்னதே பொய், ஹார்வர்ட் டாக்டர் ஒருத்தர் ஏமாத்திட்டார்னு படிச்சேன். அப்ப எல்லாமே பொய்தானே? உங்கள மாதிரி ஆளுங்க மட்டும் ஏன் இன்னும் நம்பறீங்க?
- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மதுரை

பதில்: கோவம் நியாயம் ஐயா. அந்த மோசடிய நானும் மறைக்க விரும்பல.

பியரோ அன்வெர்சான்னு ஒருத்தர், 2001ல நியூயார்க் பக்கம் இருந்தப்போ, எலும்பு மஜ்ஜை செல்ல எலியோட செத்த இதயத்துல செலுத்தினா அது இதயத் தசையா மாறிடுதுன்னு பெரிய பத்திரிகையில எழுதினாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, இதயத்துக்குள்ளயே தனியா ஸ்டெம் செல் இருக்குன்னாரு. உலகமே துள்ளிக் குதிச்சுச்சு. 2001லயே ஜெர்மனியில டூசல்டார்ஃப்ல நோயாளிக்கு மஜ்ஜை செல் செலுத்தியாச்சு, அடுத்தடுத்து பல நாட்டுல ஆயிரக்கணக்கான பேருக்கு போட்டாங்க. 2004லயே ரெண்டு தனித்தனி குழுங்க நாங்க செஞ்சு பாத்தோம், மஜ்ஜை செல் இதயத் தசையா மாறலன்னு எழுதிட்டாங்க, ஆனா அந்தப் பேச்சு அப்ப எடுபடல. கடைசியில 2017ல அவர் வேலை பாத்த பாஸ்டன் ஆஸ்பத்திரி, அவரோட லேப் பொய்யான தகவல வெச்சு அரசாங்க ஆராய்ச்சிப் பணம் வாங்கினதா எழுந்த புகார தீர்க்க 1 கோடி டாலர் கட்டுச்சு. 2018 அக்டோபர்ல ஹார்வர்டும் ஆஸ்பத்திரியும் அவரோட 31 கட்டுரைகள வாபஸ் வாங்கணும்னு சொன்னாங்க. அந்த யோசனைய நம்பி நடந்துட்டிருந்த ஒரு மனுஷ ட்ரயல கூட அமெரிக்க அரசு அப்ப நிறுத்தி வெச்சுது.

பதினேழு வருஷம் ஐயா. எத்தனை பிஎச்டி பசங்க எங்க கைதான் சரியில்ல போலன்னு ராத்திரி பகலா அதே சோதனைய திரும்பத் திரும்ப செஞ்சிருப்பாங்க. எத்தனை நோயாளிங்க இடுப்புல ஊசி குத்திக்கிட்டாங்க. அதுக்கு யாரும் கணக்கு குடுக்கல, எனக்கு அதுல இன்னும் ஆறல.

மஜ்ஜை செல் விஷயம் அப்புறம் என்னாச்சுன்னா, ஐரோப்பாவுல பாமின்னு ஒரு பெரிய ட்ரயல் 3000 பேர சேர்த்து உயிர் காப்பாத்துதான்னே பாத்துடலாம்னு ஆரம்பிச்சாங்க, 375 பேருக்கு மேல ஆள் சேரல, 2020ல முடிவு சொல்ல முடியாமலே முடிஞ்சுது. சின்சினாட்டியில ஜெஃப்ரி மால்கென்டின் குழு எலியில ஒண்ணு பண்ணினாங்க, உயிருள்ள ஸ்டெம் செல்லுக்கு பதிலா செத்த செல்ல போட்டாங்க, வெறும் ஈஸ்ட்டோட சுவர்ல இருக்கற ஒரு பொருளயும் போட்டாங்க, ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே நன்மை கிடைச்சுது. அதாவது ஊசி குத்தின எடத்துல உடம்போட எதிர்ப்பு சக்தி ஓடி வந்து தழும்ப கொஞ்சம் நல்லா சீர் பண்ணுது, புது தசை அங்க முளைக்கல.

எல்லாமே பொய்யான்னு கேட்டீங்க. மேல ஈரோடு பொண்ணுக்கு சொன்ன செல் வேற ஐயா. அது இதயத் தசையா மாறுமான்னு வாதமே கிடையாது, கண்ணு முன்னாடி துடிக்குது. அன்வெர்சா சொன்ன செல்ல யாரும் திரும்ப காட்ட முடியல, யமனாகா சொன்னத அடுத்த வருஷமே ஊர் ஊருக்கு செஞ்சு பாத்துட்டாங்க. நான் நம்பறதுக்கு காரணம் அதுதான்.

கேள்வி: ஜப்பான்ல இதயத்துக்கு ஒட்டற பேட்ச் வந்துடுச்சாமே, நம்ம ஊருக்கு எப்ப வரும்? என் வீட்டுக்காரர் பேஸ்மேக்கரோட இருக்கார்.
- குடும்பத் தலைவி, கோயம்புத்தூர்

பதில்: வந்துட்டிருக்குன்னு சொல்லலாம்ங்க. ஒசாகா பல்கலைக்கழகத்துல யோஷிகி சாவாங்கற அறுவை நிபுணர் 2020 ஜனவரியில ஐபிஎஸ் செல்லுல செஞ்ச தசை ஏட்ட முதல் முதலா ஒரு நோயாளியோட இதயத்து மேல ஒட்டினாரு. மொத்தம் 10 கோடி செல், பாக்கறதுக்கு பால் ஆடை மாதிரி மெல்லிசா இருக்கும். எட்டு பேருக்கு வெச்சு பாத்துட்டு 2025 ஏப்ரல்ல ஜப்பான் அரசாங்கத்துக்கிட்ட விண்ணப்பம் போட்டாங்க, அதே வருஷம் ஒசாகா உலகக் கண்காட்சியிலயும் துடிக்கற ஏட்ட ஜனங்க பாக்க வெச்சிருந்தாங்க. எட்டு பேருங்கறத மனசுல வெச்சுக்கோங்க. அந்த ஏடு தசையா நிரந்தரமா சேர்ந்துக்கறதவிட, அதுல இருந்து சுரக்கற பொருளுங்க புது ரத்தக் குழாய் வளர தூண்டுதுன்றதுதான் அதோட முக்கியமான வேலை.

ஜப்பான் விஷயத்துல முன்னாடி ஒரு அனுபவம் இருக்கு. தொடைத் தசை செல்லுல செஞ்ச ஹார்ட்ஷீட்ங்கற பொருளுக்கு 2015ல நிபந்தனையோட அனுமதி குடுத்தாங்க, வித்துக்கிட்டே நிரூபிங்கன்னு. 2024ல நிபுணர் குழு பாத்துட்டு பலன் நிரூபணம் ஆகலன்னு சொல்லிடுச்சு, பொருளையும் எடுத்துட்டாங்க. அதனால அனுமதின்னு தலைப்பு வந்தா உடனே குணமாயிடும்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஜெர்மனி வேலை. கோட்டிங்கன்ல வொல்ஃப்ராம் சிம்மர்மான் குழு, ஐபிஎஸ் செல்லுல இருந்து வந்த தசை செல்லையும் இணைப்புத் திசு செல்லையும் கொலாஜன்ல கலந்து, துணி மாதிரி தடிமனா பேட்ச் நெய்றாங்க. முதல்ல குரங்குல ஒட்டினாங்க, துடிப்பு கெடல, சுவர் தடிச்சுது. அப்புறம் இதய மாற்றுக்கு காத்துட்டிருந்த 46 வயசு அம்மா ஒருத்தருக்கு வெச்சாங்க. மூணு மாசத்துல அவங்களுக்கு மாற்று இதயம் கிடைச்சுது, அப்ப வெளிய எடுத்த பழைய இதயத்த வெட்டிப் பாத்தா பேட்ச்ல இருந்த தசை உயிரோட இருக்கு, அதுக்குள்ள அவங்க உடம்போட ரத்தக் குழாயே நுழைஞ்சிருக்கு. 2025 ஜனவரியில கட்டுரையா வந்துச்சு. மனுஷ இதயத்து மேல லேப்ல செஞ்ச தசை வேர் பிடிச்சத இப்படி கையில எடுத்துப் பாத்தது அதுல எனக்கு ரொம்ப பெரிய விஷயம். ஆனா செல் வேற ஒருத்தரோடது, அதனால சிறுநீரக மாற்றுக்காரங்க மாதிரி எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை போடணும், கிருமி தொத்தற அபாயம் அதோட வரும். இதயம் முழுசா ஓஞ்சு போன ஆளுங்களுக்குத்தான் இப்ப பாக்கறாங்க.

நம்ம ஊர்ல ஸ்டெம் செல் வேலை நடக்கலன்னு நினைக்க வேண்டாம், வேலூர் சிஎம்சியில ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியா உறையாத நோய் உள்ள 5 பேருக்கு அவங்க ரத்த ஸ்டெம் செல்லயே எடுத்து ஜீன சேர்த்து திருப்பிக் குடுத்து, ரத்தக்கசிவ நிறுத்தி 2024 டிசம்பர்ல கட்டுரை எழுதியிருக்காங்க. அது ரத்தம், இது இதயம், ஆனா அந்தக் கையும் மூளையும் இங்க இருக்கு. வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் அடுத்த வருஷம் பேட்ச் வைக்கலாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லங்க. பேஸ்மேக்கர் செக்கப் தேதிய மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: மனைவி ஏழு மாசம். தொப்புள்கொடி ரத்தத்த சேமிச்சு வெச்சா நாளைக்கு குழந்தைக்கோ எங்களுக்கோ ஹார்ட் பிரச்சனை வந்தா உதவும்னு ஏஜென்ட் சொல்றார். கட்டலாமா?
- ஐடி ஊழியர், சென்னை

பதில்: இதயத்துக்காகன்னா வேண்டாம் தம்பி. தொப்புள்கொடி ரத்தத்துல இருக்கறது ரத்தத்த உருவாக்கற ஸ்டெம் செல், அது இதயத் தசையா மாறாது. குடும்பத்துல ஏற்கனவே ஒரு குழந்தைக்கு தலசீமியா மாதிரி ரத்த நோய் இருந்தா விஷயம் வேற, டாக்டரே சொல்வாங்க. ரத்தம் தவிர கொடித் திசு, பல் கூழ்னு சேமிக்கச் சொன்னா அதுக்கு ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்ல அனுமதியே இல்ல. மனைவிக்கு சர்க்கரை, பிபி சரியா பாக்கறாங்களான்னு அதுல கவனம் வைங்க.

கேள்வி: ஸ்டெம் செல்ல கூட்டற பவுடர்னு மாசம் 6000 ரூபாய்க்கு ஒண்ணு எங்க ஏரியாவுல சேர்த்து விடறாங்க...
- வாசகர், சேலம்

பதில்: வாங்காதீங்க. பவுடர் தின்னு இதயத் தசை வளராது. யாராவது அத வாங்கிட்டு இதய மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னைக்கே மறுபடி டாக்டர்கிட்ட அனுப்புங்க.

கேள்வி: நாங்க கிராமம். எங்க அண்ணனுக்கு 49 வயசு, பீடி பழக்கம் உண்டு. ரெண்டு வாரமா வேகமா நடந்தா நடு நெஞ்சுல அழுத்துது, நின்னா போயிடுது, கேஸ்தான்னு சொல்லி சோடா குடிக்கிறார். ஸ்டெம் செல் எல்லாம் எங்களுக்கு எட்டாது, தசை சாகாம இருக்க வழி ஏதாவது இருக்கா?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்க கடுதாசிய படிச்சதும் மத்தத எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இதுக்குத்தான் முதல்ல பதில் எழுதினேன்ம்மா, ஆசிரியர்கிட்ட சொல்லி உங்களுக்கு போன்லயும் பேசச் சொல்லியிருக்கேன்.

நடந்தா அழுத்தறது, நின்னா விடறது, இது கேஸ் மாதிரி தெரியல. ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம், இன்னும் முழுசா அடைக்காம இருக்கலாம். இப்ப போனா தசை சாகறதுக்கு முன்னாடியே பிடிச்சுடலாம். அடைச்சுட்டா தசை செல் அரை மணி நேரத்துலயே சாக ஆரம்பிச்சுடும், மணி ஆக ஆக சாவு உள்சுவர்ல இருந்து வெளிச்சுவருக்கு பரவும். ஜப்பான்காரங்க ஒட்டற 10 கோடி செல்ல, சீக்கிரமா ஆஸ்பத்திரிக்கு போறதாலயே அதைவிட பல மடங்கு காப்பாத்திக்க முடியும். தமிழ்நாடு அரசு 2023ல இருந்து இதயம் காப்போம் திட்டம்னு ஒண்ணு நடத்துது, நெஞ்சுவலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போனா மாரடைப்பு சந்தேகம் இருக்கறவங்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின்னு மூணு வகையா 14 மாத்திரைய அங்கயே குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அந்த மாத்திரைய நீங்களா கடையில வாங்கி குடுக்காதீங்க, வயித்துப் புண்ணோ வேற ஏதாவதோ இருந்தா ரத்தம் கசியும்.

சும்மா உக்காந்திருக்கறப்போவே வலி வந்தாலோ, வேர்வை ஊத்தினாலோ, இடது கை தாடைன்னு பரவினாலோ, பைக்ல உக்கார வெச்சு கூட்டிட்டுப் போகாம 108க்கு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கு காலையில முதல் பஸ்ஸுக்கே அண்ணன கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுத்துடுங்க. ஈசிஜி நார்மல்னு வந்தாலும் நடந்தா அழுத்துதுன்றத டாக்டர்கிட்ட அழுத்தி சொல்லுங்க, ஏன்னா உக்காந்திருக்கறப்போ எடுக்கற ஈசிஜில இது தெரியாமலே போகும், நடக்க வெச்சு பாக்கற டெஸ்ட் தேவைப்படும். பீடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. சோடாவ நம்பி ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்கம்மா.